முப்பத்திரண்டு எழுத்தைத் தந்தது எந்தக் கட்டளை?

சேமிப்பு அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. ஒரு கோப்பின் ஹாஷ் என்று சொல்லி யாரோ உங்களுக்கு ஒன்றை அனுப்புகிறார்கள். எண்ணிப் பார்க்கிறீர்கள். 0 முதல் 9 வரையும் a முதல் f வரையும் கலந்து முப்பத்திரண்டு எழுத்துகள். லினக்ஸில் அதைத் தந்த கட்டளை எது?

md5sum என்று உடனே கையைத் தூக்கினீர்கள் அல்லவா? நான் எதிரில் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நம் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் தூக்குவார்கள். கையை இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கேளுங்கள். அந்த அவசரப் பதிலால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது.

நான் திருநெல்வேலிக்காரி. கணவருக்கு மத்திய அரசு வேலை என்பதால் கல்யாணமான புதிதில் டெல்லிக்கு வந்து ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியேறினோம். ஆவணப்படம் எடுக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எடுத்த படக்காட்சிகளையெல்லாம் பத்திரப்படுத்தி வைக்கும் அறை என் பொறுப்பு. முன்பு அலமாரி நிறைய கேசட்டுகள் இருந்தன. பிறகு லினக்ஸ் சர்வர்கள் வந்தன. அவற்றுக்காக அந்த அறையை எப்போதும் குளிர்பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள். டெல்லியின் மே மாத வெயிலில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறும் ஒரே மனுஷி நான்தான். பக்கத்து சீட்டுக்காரர்கள் காய்ச்சல் என்று நினைத்துத் தள்ளி உட்காருவார்கள். எனக்கும் உட்கார வசதியாக இருக்கும்.

ஹாஷ் என்றால் என்னவென்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் இதை வீட்டில் யாராவது படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. ஒரு கோப்பைக் கட்டளையிடம் கொடுத்தால், அது முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு ஒரு குட்டி அடையாளத்தைத் தரும். அதே கோப்பை அதே கட்டளையிடம் எத்தனை முறை கொடுத்தாலும் அதே அடையாளம்தான் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வேறு அடையாளம் வந்துவிடும். அதனால்தான், காமிராவிலிருந்து எடுத்த கோப்பும் இன்று நம்மிடம் இருக்கும் கோப்பும் ஒன்றுதானா என்று பார்க்க இதை வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணின் பெயர் நசீமா. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். அவளுடைய வாப்பாவுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, வீடு துவாரகாவில். டெல்லியிலேயே படித்து வளர்ந்தாலும் தமிழை விடாமல் பேசுவாள். படப்பிடிப்பு இடத்தில் காமிராவின் மெமரி கார்டை வாங்கி, டிஸ்க்கில் நகல் எடுத்து, நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு கோப்பின் அளவையும் ஹாஷையும் அன்றைக்கே மெயிலில் அனுப்புவது அவள் வேலை. அதன் பிறகுதான் கார்டை அழித்து மறுபடி காமிராவில் போடுவார்கள். அதாவது, கார்டை அழித்த கணத்திலிருந்து அசல் என்று எதுவும் கிடையாது. அவள் கையில் இருப்பதுதான் அசல். ஒப்பந்த வேலைதான், ஆனால் பொறுப்பு அவ்வளவு பெரியது.

என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர்களுக்கு டிஸ்க் தர மாட்டேன் என்று அந்த அலுவலகத்தில் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். அதனால் நசீமாவுக்கு நான் அக்கா.

அந்தக் கோடையில் எங்கள் நிறுவனம் டெல்லியின் தண்ணீர் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது. புதிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து குழந்தைகளுக்கு நோய் வந்திருந்தது. கட்டிய நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் பேட்டி கொடுத்தார். பேச்சு வாக்கில், "குழாய் கசிவது எங்களுக்கு முன்பே தெரியும்" என்று சொல்லிவிட்டார். அந்தத் துண்டு எங்கள் முன்னோட்டத்தில் வந்த மறுவாரமே அவர்களுடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை, நீங்கள்தான் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள், இல்லையென்றால் நிரூபியுங்கள் என்றது கடிதம்.

எங்கள் தயாரிப்பாளர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. இதற்கெல்லாம் அசருகிறவர் கிடையாது. நம்மிடம்தான் ஹாஷ் இருக்கிறதே, ஒப்பிட்டுப் பார்த்து ஒரு கடிதம் எழுதிவிடுங்கள் என்று கார்த்திக்கிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கார்த்திக் எங்கள் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார். கெட்டிக்காரர், நேர்மையானவர், ஆனால் ஒரு பதில் கிடைத்ததும் அடுத்த வேலைக்குத் தாவிவிடுவார்.

மறுநாள் காலை அவர் என் அறைக்கு வந்தபோது முகமே சரியாக இல்லை.

"மேடம், கட்பட் ஆயிடுச்சு, பெரிய குழப்பம். நசீமா அனுப்பின ஹாஷ் எதுவும் மேட்ச் ஆகலை."

"எது ஆகலை? அந்தப் பேட்டியா?"

"எதுவுமே ஆகலை மேடம். அன்னிக்கு எடுத்த எல்லா பைலும். md5sum போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்."

"நசீமாட்ட கேட்டியளா?"

"கேட்டேன். MD5-தான், எப்பவும் அதுதான்னு சொல்றா. அப்புறம் சீதி பாத், நேரான விஷயம்தான். அதாவது, அவ கொடுத்த பைல் வேற, இங்க இருக்கிற பைல் வேற. நடுவுல அவளைத் தவிர யாரும் தொடலை." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நாலு மணிக்கு மீட்டிங். அந்தப் பேட்டியைப் படத்துலேந்து எடுத்துடப் போறாங்க. நசீமாவையும்."

ஒப்பந்தம் போனால் வேறு ஒப்பந்தம் கிடைக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தத் தொழிலில் கிடைக்காது. காட்சியைத் தொட்டவள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அதன் பிறகு டெல்லியில் எந்தக் காமிராமேனும் அவள் கையில் கார்டைக் கொடுக்க மாட்டான். நசீமாவுக்கு அது தெரியும். கார்த்திக் போன பிறகு அவள் வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, நான் தொடலை."

"நீ தொட்டன்னு நான் சொன்னேனா? உக்காரு. எனக்கு வேற ஒரு சந்தேகம்."

உண்மையிலேயே எனக்கு அப்போது அவள் மேல் இரக்கத்தைவிட, எண்கள் மேல் ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்று எடுத்த காட்சிகளில் ஒரு தண்ணீர் லாரி நிற்கும் காட்சி உண்டு. லாரியின் தலையில் ஒரு புறா வந்து உட்காருகிறது, யோசிக்கிறது, பறந்து போகிறது. அவ்வளவுதான். அந்தக் கோப்பும் பொருந்தவில்லை. ஒருத்தி பொய் செய்ய நினைத்தால் அந்த அதிகாரியின் பேட்டியைத்தான் தொடுவாள். புறாவை எதற்குத் திருத்த வேண்டும்? கோப்புகளின் அளவைப் பார்த்தேன். மெயிலில் இருந்த அளவும் சர்வரில் இருந்த அளவும் ஒன்றாகவே இருந்தன. ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடின.

ஒன்றிரண்டு பொருந்தாவிட்டால் கோப்பைச் சந்தேகப்படலாம். எல்லாமே பொருந்தாவிட்டால் அளக்கிற கோலைச் சந்தேகப்பட வேண்டும். துணிக்கடையில் கஜக்கோலால் அளந்து கொடுத்ததை வீட்டில் மீட்டர் டேப்பால் அளந்துவிட்டு, துணி மாறிவிட்டது என்று கடையில் போய்ச் சண்டை போட்டால் எப்படி இருக்கும்?

"அன்னைக்கு எந்த லேப்டாப்புல நகல் எடுத்த?" என்று கேட்டேன்.

"நம்ம லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்துச்சுக்கா. வாடகைக்கு எடுத்தோம். நகல் எடுக்கிற சாப்ட்வேர் அதுலயே இருந்துச்சு. நான் எப்பவும்போல பட்டனை அமுக்கினேன். வந்த நம்பரைக் காப்பி பண்ணி மெயில்ல போட்டேன்."

"அந்தச் சாப்ட்வேர்ல என்ன முறைன்னு பாத்தியா?"

"பாக்கலைக்கா. நம்ம லேப்டாப்புல MD5-தான் இருக்கும். முப்பத்திரண்டு எழுத்து வந்துச்சு. அதான்னு நெனச்சேன்."

வாடகைக் கடைக்குப் போன் செய்தோம். கடைக்காரப் பையா மிகவும் மரியாதையாகப் பேசினார். லேப்டாப் திரும்பி வந்த உடனே அழித்துச் சுத்தம் செய்துவிடுவது தங்கள் கடையின் வழக்கம் என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமை எங்கள் வழியை அடைத்தது. அந்த சாப்ட்வேரில் என்ன முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது என்று சொல்ல இனி யாரும் இல்லை. எங்களிடம் மிஞ்சியது அந்த எழுத்துகளும், லினக்ஸில் இருக்கும் கட்டளைகளும், நாலு மணி வரை நேரமும்தான்.

சரி, ஒரு லினக்ஸ் கணினியில் ஹாஷ் தரும் கட்டளைகள் எத்தனை இருக்கின்றன என்று நீங்கள் எப்போதாவது தேடிப் பார்த்திருக்கிறீர்களா? தினமும் ஒன்றையே தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தத் தேடல் ஒரு வேடிக்கை. நான் முதலில் சுலபமான வழியில் போனேன். இந்தக் குடும்பத்துக் கட்டளைகளின் பெயர்கள் பெரும்பாலும் sum என்று முடியும். அதனால் இப்படித் தட்டினேன்:

ls /usr/bin/*sum

ஒரு பட்டாளமே வந்து நின்றது. md5sum, sha1sum, sha256sum, sha512sum, b2sum, cksum, வெறும் sum என்று ஒன்று. ஒவ்வொன்றையும் அந்தப் புறாக் கோப்பின் மேல் ஓட்டினோம். சின்னக் கோப்பு என்பதால் உடனே பதில் வந்தது. sha1sum நாற்பது எழுத்து தந்தது. sha256sum அறுபத்து நான்கு. cksum வெறும் எண்களாகத் தந்தது. நீளம் பொருந்தாதவற்றை ஒதுக்கிக்கொண்டே வந்தோம். b2sum, sha512sum அளவுக்கே நீளமாக, நூற்றிருபத்தெட்டு எழுத்து தந்தது. ஆனால் அதன் கையேட்டைப் படித்தபோது, நீளத்தை நாமே குறைத்துக் கேட்கலாம் என்று இருந்தது. குறைத்துக் கேட்டேன். கச்சிதமாக முப்பத்திரண்டு எழுத்துகள் வந்தன.

நசீமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். முதல் எழுத்தே வேறாக இருந்தது.

ஆனாலும் எனக்கு உற்சாகம் கூடியது. முப்பத்திரண்டு எழுத்து என்பது md5sum-இன் தனிச்சொத்து இல்லை என்பது அந்த நிமிடம் கண்ணெதிரே தெரிந்துவிட்டது. வேறொன்றும் அதே நீளத்தில் தருமென்றால், இன்னும் எத்தனை தருமோ? openssl என்ற இன்னொரு கட்டளையிடம் அதற்குத் தெரிந்த முறைகளையெல்லாம் சொல்லச் சொன்னேன். அது நீளமாக ஒப்பித்தது. அதில் முப்பத்திரண்டு வருபவற்றை முயன்றோம். ஒன்றும் ஒத்துவரவில்லை.

அடுத்து apropos. ஒரு சொல்லைக் கொடுத்தால், எந்தெந்தக் கட்டளையின் விளக்கத்தில் அந்தச் சொல் வருகிறதோ அவற்றையெல்லாம் இது காட்டும். checksum என்று கேட்டேன், நாலைந்து வந்தன. அதில் md5sum இல்லவே இல்லை. இதென்ன கூத்து என்று digest என்று கேட்டால், md5sum தன் கூட்டத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் முதன்முதலாக மோர் மிளகாய் வாங்கப் போனபோது இப்படித்தான் ஆயிற்று. தமிழில் கேட்டேன், இல்லை என்றார் கடைக்காரர். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் விளக்கியதும் பின்னாலிருந்து ஒரு மூட்டையையே எடுத்துப் போட்டார். பொருள் அங்கேயேதான் இருந்தது. அவருக்குத் தெரிந்த பெயரில் நான் கேட்கவில்லை. ஆகவே நீங்கள் தேடும்போது ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். checksum, digest, hash என்று மூன்றையும் கேளுங்கள்.

நாங்கள் மூன்றையும் கேட்டோம். எங்கள் சர்வரில் புதிதாக ஒன்றும் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்து போய்விட்டது. நசீமா டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

"அக்கா," என்றாள் திடீரென்று. "இந்த மெஷின்ல இல்லாத கட்டளையா இருந்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரே வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தோம். பொருள் தெருவில் விழுந்திருந்தால் என்ன செய்வது?

எங்கள் சேமிப்பு சர்வரில் கார்த்திக் அனுமதித்தது மட்டும்தான் இருக்கும். ஆனால் வராந்தாவுக்கு அடுத்த அறையில் இன்னொரு லினக்ஸ் கணினி இருந்தது. வெளியாட்கள் கொண்டுவரும் டிஸ்க்குகளை முதலில் அதில்தான் செருகுவோம். டிஸ்க்கோடு வெளியாட்களின் பழக்கங்களும் அந்தக் கணினிக்குத்தான் வந்து சேரும். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அதில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். யாரும் அதைச் சுத்தம் செய்ததில்லை. புறாக் கோப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். apropos checksum என்று தட்டியதும், வரிசையின் கடைசியில் நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு பெயர் வந்தது. xxhsum.

"ஓட்டுங்கக்கா, ஓட்டுங்க."

ஓட்டினேன். பதினாறு எழுத்துகள்தான் வந்தன. நமக்கு வேண்டியதில் பாதி.

நசீமா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அந்தக் கட்டளையின் கையேட்டைத் திறந்தேன். அவசரத்தில் இருக்கும்போது கையேட்டைப் படிக்க யாருக்கும் பொறுமை வராது, எனக்கும் வராது. ஆனால் b2sum காலையில் ஒரு பாடம் சொல்லியிருந்தது அல்லவா, கேட்கிற மாதிரி கேட்டால் நீளம் மாறும் என்று. கொஞ்சம் கீழே இறங்கினால் அதுவே இருந்தது. H2 என்று சேர்த்துக் கேட்டால் இரண்டு மடங்கு நீளத்தில் தரும். இருவருமாகச் சேர்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தோம். அவள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, உதடு அசைய, முதல் வரியிலிருந்து படித்தாள்.

xxhsum -H2 என்று எழுதி, கோப்பின் பெயரைச் சேர்த்து, பொத்தானை அழுத்தினேன்.

முதல் நான்கு எழுத்துகள் ஒத்திருந்தன. நான் விரலை வைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன், அவள் மெயிலில் இருப்பதைப் படித்தாள். இரண்டு பேரும் ஒரே குரலில் கடைசி எழுத்தில் வந்து நின்றோம்.

"புறா!" என்று கத்தினாள் நசீமா. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த யாரோ நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு எல்லாக் கோப்புகளையும் ஓட்டினோம். ஒவ்வொன்றும் பொருந்தியது. அந்த அதிகாரியின் பேட்டியும் பொருந்தியது. நடந்தது இதுதான்: நகல் எடுப்பதை வேகப்படுத்த வாடகை லேப்டாப்பில் யாரோ வேறு முறையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அது தந்த அடையாளமும் MD5 அளவுக்கே இருந்தது. நீளத்தைப் பார்த்து நசீமா அதை MD5 என்று நினைத்தாள். அவள் சொன்னதை நம்பி கார்த்திக் md5sum-ஐ ஓட்டினார். இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் செய்தது, மூன்றாவது மனிதர் பார்க்கும்போது குற்றமாகத் தெரிந்தது.

கார்த்திக்கைக் கூப்பிட்டேன். அவர் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளாமல் தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். அந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

"பக்கா மேடம்! எல்லாம் மேட்ச்." நசீமாவைப் பார்த்து, "சாரிம்மா," என்றார். "நீ க்ளீன். பஸ், கதம், முடிஞ்சுது."

அங்கேயே கதை முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

நாலு மணிக்குத் தயாரிப்பாளரின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். கார்த்திக் நடந்ததை விளக்கினார். தயாரிப்பாளர் முழுவதையும் கேட்டார். மேஜையில் வக்கீலின் கடிதம் கிடந்தது. அவருக்கு எங்கள் எண் ஆராய்ச்சியில் எந்த ரசனையும் இல்லை. அவர் என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்.

"எனக்கு ஒன்றுதான் வேண்டும். இந்தக் காட்சியை யாரும் திருத்தவில்லை, திருத்தியிருக்கவே முடியாது, இந்த எண்ணே அதற்கு நிரூபணம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடலாமா? ஹான் யா நா?"

ஆம் என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. கார்த்திக் ஆம் என்றுதான் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் நான் கையேட்டைப் படித்திருந்தேன். அந்தக் கட்டளை எதற்காகச் செய்யப்பட்டது என்று அதன் முதல் வரியிலேயே போட்டிருக்கிறது. நகல் எடுக்கும்போது கோப்பு தற்செயலாகக் கெட்டுப்போனால் அது கண்டுபிடித்துவிடும். விவரம் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே ஏமாற்ற உட்கார்ந்தால், அவரைத் தடுத்து நிறுத்தும் உறுதி அதற்குக் கிடையாது. வேகத்துக்காகச் செய்தது அது. பூட்டாகப் பயன்படுத்தச் செய்யப்படவில்லை. இதைச் சொல்லாமல் தயாரிப்பாளரைக் கையெழுத்துப் போடவிட்டால், நாளை அந்த வக்கீலுக்கு விவரம் தெரிந்த ஒருவர் கிடைத்தால் போதும், எங்கள் கடிதம் பொய்யாகிவிடும். சொன்னாலோ, இப்போதுதான் மூச்சுவிட ஆரம்பித்திருக்கும் நசீமாவின் கழுத்தில் நானே கை வைத்த மாதிரி. உண்மை கெடாமல், அவளுக்கும் அடிபடாமல் எப்படிச் சொல்வது என்று ஹிந்தி வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நசீமா பேசினாள்.

"போடாதீங்க மேம்," என்றாள் ஹிந்தியில். அவள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "இந்த நம்பர் நகல் சரியா வந்துச்சான்னு பார்க்கத்தான். வேணும்னே ஏமாத்துறவங்களைத் தடுக்க இது பத்தாது. அதோட கையேட்டுலயே முதல் வரியில அப்படித்தான் இருக்கு. நான் எதையும் திருத்தலை. ஆனா இந்த நம்பர் மட்டும் வச்சு அதை நிரூபிக்க முடியாது."

கார்த்திக்கின் தலையாட்டல் பாதியில் நின்றது. எனக்கு, அடி பாவி, தப்பித்துக் கரையேறினவள் மறுபடி தண்ணீரில் குதிக்கிறாளே என்றுதான் தோன்றியது.

தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். "ஸச் ஹை?"

"உண்மைதான்," என்றேன். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வந்துவிட்டது. நமக்குத் தெரிந்ததை இரண்டாகப் பிரித்துச் சொன்னேன். நசீமா அந்த எண்களைப் படப்பிடிப்பு நடந்த அன்றே அனுப்பியிருக்கிறாள். அந்த மெயில் உங்களுக்கும் வந்திருக்கிறது, காமிராமேனுக்கும் போயிருக்கிறது. அந்த அதிகாரி மறுத்தது அதற்குப் பிறகு. அன்றைக்கு அனுப்பிய எண்ணும் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் கோப்பும் ஒத்துப்போகின்றன. இது வரைக்கும் உறுதி. இப்படி ஒத்துப்போகிற மாதிரி ஒரு பொய்யான கோப்பைச் செய்யவே முடியாது என்று மட்டும் நாம் எழுதக் கூடாது. அதற்குப் பதிலாக, வெட்டாத முழுப் பேட்டியையும் அவர்கள் பார்க்கட்டும் என்று எழுதலாம்.

தயாரிப்பாளர் வக்கீலின் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு கார்த்திக்கிடம் சொன்னார்: "இரண்டையும் எழுதுங்கள். தெரிந்ததையும், தெரியாததையும். முழுப் பேட்டியும் போகட்டும்." எழுந்துகொண்டே, பேச்சோடு பேச்சாக, "திங்கட்கிழமை நசீமா யமுனைக் கரைக்கு ஷூட்டிங் போகிறாள் இல்லையா? வாடகை லேப்டாப் வேண்டாம்," என்றார். அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

கடிதம் போயிற்று. முழுப் பேட்டியும் போயிற்று. அதில் அந்த அதிகாரி குழாய் கசிவு பற்றி ஒரு முறையல்ல, வேறு வார்த்தைகளில் இன்னொரு முறையும் சொல்லியிருந்தார். எங்கள் படத்தில் அதை நாங்கள் சேர்க்கவே இல்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. படம் அந்தக் காட்சியோடு வெளியானது.

அன்றிலிருந்து எங்கள் இடத்தில் எந்த ஹாஷும் தனியாகப் பயணம் செய்வதில்லை. எந்தக் கட்டளை, என்ன விருப்பத்தேர்வு, எந்தக் கணினி என்ற மூன்றும் முன்னால் போகும், எண் பின்னால் போகும். நகலைச் சரிபார்க்க வேகமானது ஒன்று, பின்னால் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல sha256sum ஒன்று, ஆக இரண்டு. இந்த வழக்கத்தை நசீமாதான் கொண்டுவந்தாள். உங்களுக்கு இது தொந்தரவாகத் தோன்றலாம், முணுமுணுப்பீர்கள் என்றும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே செய்யுங்கள். இன்னும் ஒன்று, ஒரு கட்டளை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அது என்ன செய்யாது என்ற வரியையும் அதே ஆர்வத்தோடு படிக்கப் பழகுங்கள்.

அன்று சாயங்காலம் நானும் நசீமாவும் ஒன்றாக மெட்ரோவுக்கு நடந்தோம். அவள் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நடந்துகொண்டே சாப்பிட்டாள். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

"ஏட்டி, உனக்குப் பைத்தியமா? அவுங்க கையெழுத்துப் போடப் போறாங்க, உன் பேரு சுத்தமாயிருச்சு, வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன? வேலை போயிருந்தா?"

அவள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.

"நீங்க சொல்லியிருப்பீங்கல்லக்கா?"

யோசித்தேன். "சொல்லியிருப்பேன்ட்டி," என்றேன்.

"தெரியும். நீங்க வார்த்தை தேடிக்கிட்டிருந்தீங்க. அதே விஷயத்தை நீங்க சொல்லியிருந்தா, அந்த ரூம்ல அது என் மேல வர்ற சந்தேகம். நான் சொன்னா, அது என் வாக்குமூலம்." டப்பாவை மூடினாள். "அதான் முந்திக்கிட்டேன்."